கடலுக்குக் கடல், டோல்கேட் வழியாக

தியாகராய நகரில் நான் வேலை பார்க்கும் புடவைக் கடைக்கு ஆறு வண்டிகள் உண்டு. ஆறுக்கும் நான்தான் பொறுப்பு. எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆனால் எந்த வண்டிக்கு எப்போது இன்ஷூரன்ஸ் முடிகிறது, எதற்குப் புகைச் சான்றிதழ் எடுக்க வேண்டும், எது எந்த டோல்கேட்டை எத்தனை மணிக்குத் தாண்டியது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். பிறகு கல்லூரியும் முடித்தேன். பி.காம்., முதல் வகுப்பு. யாரும் கேட்காமலே இதைச் சொல்லிவிடுவேன் என்று கடையில் ஒரு பேச்சு உண்டு. பேச்சு சரிதான்.

ஆறு வண்டிகளில் பெரியதை ஓட்டுகிறவர் என் அப்பா. நான் நைனா என்று கூப்பிடுவேன். இருபத்திரண்டு வருடமாக முதலாளிக்கு ஓட்டுகிறார். மூன்றாம் வகுப்போடு நின்றவர். எழுத்துக் கூட்டிப் படிப்பார், எழுதச் சொன்னால் வியர்க்கும். ஆனால் எண்களை மறக்க மாட்டார். போன வாரம் வண்டியை நிறுத்தியபோது மீட்டர் என்ன காட்டியது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வார். எண்பதுக்கு மேல் மிதிக்க மாட்டார். ஸ்டியரிங்கில் கை இருக்கும்போது போனைத் தொடமாட்டார், முதலாளியே கூப்பிட்டாலும். அவருடைய லைசென்ஸ் பிளாஸ்டிக் உறையில் சட்டைப் பையில் இருக்கும். குளிக்கப் போகும்போது சட்டையைக் கண்ணுக்குத் தெரிகிற ஆணியில்தான் மாட்டுவார்.

கடையில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு டிரிப் ஷீட் நோட்டு இருக்கிறது. தேதி, புறப்பட்ட மீட்டர், வந்து சேர்ந்த மீட்டர், போன இடம், ஓட்டியவர், கையெழுத்து. மற்ற டிரைவர்கள் தாங்களே எழுதிவிடுவார்கள். நைனா சாயங்காலம் என் மேசைக்கு முன்னால் வந்து நின்று சொல்வார், நான் எழுதுவேன், அவர் கையெழுத்து மட்டும் போடுவார். கடையில் அவர் என்னை 'மேடம்' என்றுதான் கூப்பிடுவார். விளையாட்டுக்கு அல்ல.

வண்டிகள் டோல்கேட்டைத் தாண்டும்போது வரும் செய்திகள் முன்பு முதலாளியின் போனுக்குப் போய்க்கொண்டிருந்தன. அவர் எரிச்சல்பட்டதால் எல்லாவற்றையும் ஆபீஸ் போனுக்கு மாற்றினேன். அந்தப் போன் என்னிடம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமையும் வீட்டுக்கு எடுத்துப் போவேன். யாரும் எடுத்துப் போகச் சொல்லவில்லை.

அன்றைக்கு மாதத்தின் முதல் ஞாயிறு. அன்று ரேஷன் கடை உண்டு. நாங்கள் இருப்பது மயிலாப்பூரில் கால்வாயை ஒட்டிய வாரியக் குடியிருப்பில், இரண்டாவது மாடி. ரேஷன் கடை எட்டரை மணிக்குத்தான் திறக்கும் என்றாலும் பை ஏழு மணிக்கே வரிசையில் இருந்தாக வேண்டும். நைனா பையைத் தேடிக்கொண்டிருந்தபோது ஆபீஸ் போன் சத்தம் போட்டது. பரனூர் டோல்கேட், காலை 6.02. வண்டி எண்ணைப் பார்த்தேன்.

"நைனா, உன் வண்டி எங்க?"

"கட கீழ ஷெட்ல கீது. நேத்து நான்தான் வுட்டேன்."

"பரனூர்ல இருக்காம்."

 நைனா சட்டைப் பையில் கைவிட்டு, "சாவி என்கிட்ட கீதே" என்று எடுத்துக் காட்டினார். இருவரும் சாவியைப் பார்த்தோம்.

"அந்த வண்டிக்கு வேற சாவியே கெடையாதா?" என்றாள் அம்மா, அடுப்பிலிருந்து திரும்பாமல்.

"மொதலாளி வூட்ல ஒண்ணு கீது."

"அப்புறம் இன்னாத்துக்கு ரெண்டு பேரும் இதையே பாத்துகினு கீறீங்க?"

முதலாளிக்குப் போன் போட்டேன். அவர் தெற்கத்திக்காரர். கடையில் எல்லாரும் அவரை அண்ணாச்சி என்போம். அடையாறு வீட்டுப் பக்கம் காலை நடையில் இருந்தார். "தம்பிதான் எடுத்துட்டுப் போயிருக்கான். மகாபலிபுரத்துல கூடப் படிச்சவனுக்குக் கல்யாணம்னான். டோல்காரன் மிஷின் ஏதோ தப்பாச் சொல்லுது, விடும்மா" என்றார். தம்பி என்றால் அவருடைய ஒரே மகன்.

6.51க்கு விக்கிரவாண்டி வந்தது. மகாபலிபுரம் அத்தனை தூரம் நகர்ந்திருக்க முடியாது. ஆனால் ஒரு தடவை சொல்லியாயிற்று, இரண்டாவது தடவை சொல்வது என் வேலை இல்லை என்று நினைத்துக்கொண்டேன். அதோடு எனக்கு வேறொரு ஆர்வம் வந்துவிட்டது. எங்கள் வண்டிகள் சரக்கு எடுக்க சேலத்துக்கும் ஈரோட்டுக்கும் போகிற பாதை அது. எந்த டோலிலிருந்து எந்த டோல் எத்தனை கிலோமீட்டர் என்று டீசல் கணக்குப் பார்த்துப் பார்த்து எனக்கு மனப்பாடம். பரனூரிலிருந்து விக்கிரவாண்டி நூற்றைந்து. நாற்பத்தொன்பது நிமிடம். மணிக்கு நூற்று இருபத்தெட்டு.

நைனாவிடம் சொன்னேன். "அது இன்னா ஃப்ளைட்டா?" என்று கேட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கீழே போனார்.

நான் ஒரு நோட்டை எடுத்துக் கோடு போட்டு எழுத ஆரம்பித்தேன். டோல், மணி, தூரம், வேகம். மேட்டுப்பட்டி, 8.34. வைகுந்தம், 8.57. நாற்பத்தெட்டு கிலோமீட்டர், இருபத்து மூன்று நிமிடம், நூற்று இருபத்தைந்து. சந்தோஷமாகத்தான் எழுதினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. அதற்கடுத்த விஜயமங்கலத்துச் செய்தி வெகுநேரம் வரவில்லை. நடுவில் என் சொந்தப் போன் சத்தம் போட்டது. ரேஷன் கடைச் செய்தி. அரிசி, சர்க்கரை, துவரம்பருப்பு, பாமாயில், காலை 9.24. நைனாவின் விரலை மிஷின் ஒருவழியாக ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். 9.46க்குத்தான் விஜயமங்கலம் வந்தது. ஐம்பத்தைந்து கிலோமீட்டருக்கு நாற்பத்தொன்பது நிமிடம். வேகம் அறுபத்தேழு. ஓரத்தில் 'டீ குடித்திருக்கலாம்' என்று குறித்துவைத்தேன்.

பத்து மணிக்கு நைனா மூட்டையோடு மேலே வந்து கட்டைவிரலை என்னிடம் நீட்டினார். "ஏழாவது வாட்டிதான் எடுத்துச்சு. தலைல தேச்சி வைன்றாங்க, வேட்டில தொடச்சி வைன்றாங்க. பின்னால கீறவங்க எல்லாம் இன்னாமோ நான் வேற ஆளு மாதிரி பாக்கறாங்க." ஸ்டியரிங் பிடித்துப் பிடித்து அவர் ரேகை தேய்ந்துவிட்டது. ஒவ்வொரு மாதமும் இதே புகார்தான்.

10.29க்கு வாளையார். அதற்கு மேல், ராத்திரி வண்டி திரும்பும்வரை, செய்தி இல்லை.

திங்கட்கிழமை காலை நான் கடைக்குப் போனபோது என் மேசைக்கு எதிரே தம்பி உட்கார்ந்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன. என்னைவிட ஒரு வயது பெரியவர். என்னை அக்கா என்பார்.

"அக்கா, நேத்து டோல் மெசேஜ்லாம் உங்க போனுக்குத்தானே வந்துச்சு? அழிச்சிடலையே?"

"நான் எதையும் அழிக்க மாட்டேன் சார்."

அவர் முகம் மலர்ந்தது. பிறகு விஷயத்தைச் சொன்னார். ஐந்து நண்பர்கள், ஐந்து கார்கள். விடியற்காலை பெசன்ட் நகர் கடற்கரையில் ஆளுக்கொரு பாட்டிலில் கடல் தண்ணீர் பிடித்துக்கொள்ள வேண்டும். கோழிக்கோடு கடற்கரைக்குப் போய் அந்தக் கடலில் ஊற்ற வேண்டும். முதலில் ஊற்றுகிறவர் ஜெயித்தவர். பரிசு ஒன்றும் கிடையாது. யாரிடமும் அனுமதியும் வாங்கவில்லை, யார் தருவார்கள்? இதற்குக் 'கடலுக்குக் கடல்' என்று பெயர் வைத்திருந்தார்கள். சிக்கல் என்னவென்றால் கோழிக்கோட்டுக் கடற்கரை நீளம். இரண்டு பேர் இரண்டு மூலையில் நின்று ஊற்றிவிட்டு இருவரும் நான்தான் முதல் என்றார்கள். அதில் ஒருவர் தம்பி. வாளையார் டோலை யார் முதலில் தாண்டினாரோ அவரே ஜெயித்தவர் என்று நண்பர்கள் குழுவில் முடிவாகியிருந்தது. அதற்கு அத்தாட்சி வேண்டும்.

"நீங்க அழகா டேபிள் போட்டுக் குடுங்கக்கா. மேல என் பேர் வரணும். 'ஓட்டியவர்'னு போட்டு. நடுவுல ஃப்ரெண்டு ஓட்டினான்னு அந்த இன்னொருத்தன் கதை விடுறான். ஃபுல்லா நான் மட்டும்தான் ஓட்டினேன், அதையும் போடுங்க."

போட்டேன். ஞாயிற்றுக்கிழமையே கணக்குத் தயாராக இருந்ததால் ஐந்து நிமிட வேலை. வேகத்துக்குத் தனிப் பத்தி இருப்பதைப் பார்த்து அவர், "அக்கா, நீங்க வேற லெவல்" என்றார். கடைசியில் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தேன், பழக்கம். கையெழுத்தும் போட்டார். படம் பிடித்துக் குழுவில் போட்டுவிட்டுச் சந்தோஷமாக இறங்கிப் போனார். எதையும் இரண்டு பிரதி எடுத்து ஒன்றைக் கோப்பில் வைப்பது என் வழக்கம். அவரும் இரண்டிலும்தான் கையெழுத்துப் போட்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் நைனா ஈரத் துணியோடு மாடி ஏறி வந்தார். ஈரத் துணியோடு அவர் மேலே வந்து நான் பார்த்ததில்லை.

"மேடம், மீட்டர்ல ஆயிரத்து முன்னூத்தி தொண்ணூறு ஏறிக் கீது."

"தெரியும் நைனா. கோழிக்கோடு போயிட்டு வந்திருக்காங்க."

"லெப்ட் சைடு கண்ணாடி இல்ல. கதவு உள்ள போயிக் கீது. வைப்பர்ல முட்ட ஓடு." அவர் குரலைத் தாழ்த்தினார். "முட்டன்னா ஒண்ணு ரெண்டு இல்ல. காஞ்சி போயி, தேச்சாலும் போவல. அத்தினி முட்ட தானா ரோட்ல நடந்து வராதும்மா. கூட ஒரு ஆளு இருந்திருப்பான்."

கோப்பிலிருந்த தாளை எடுத்துப் பார்த்தேன். வைகுந்தம் 8.57, விஜயமங்கலம் 9.46. பக்கத்தில் எதுவும் இல்லை. 'டீ குடித்திருக்கலாம்' என்பதை நான் டைப் செய்யவில்லை.

நைனா மேற்கொண்டு கழுவவில்லை. வண்டிக்கு உறை போட்டு மூடிவிட்டார்.

மதியம் மூன்று மணிக்கு அண்ணாச்சிக்கு நெடுஞ்சாலை ஓரத்துக் காவல் நிலையம் ஒன்றிலிருந்து போன் வந்தது. ஞாயிறு காலை சுமார் ஒன்பது இருபதுக்கு மொபெட்டில் முட்டைத் தட்டுகள் கட்டிக்கொண்டு போன ஒருவரை இடித்துவிட்டு ஒரு கார் நிற்காமல் போயிருக்கிறது. அவர் இடது கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார். உயிருக்கு ஆபத்தில்லை. கண்ணாடித் துண்டு கிடைத்திருக்கிறது, டோல் கேமராவில் வண்டி எண் இருக்கிறது. ஓட்டிய ஆளை அழைத்துக்கொண்டு வரவேண்டும்.

நாலு மணிக்கு நைனாவை அண்ணாச்சி அறைக்குக் கூப்பிட்டார்கள். ஆறு மணிக்கு நைனா எப்போதும்போல என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"எழுதும்மா மேடம். ஞாயித்துக்கெழம. ஈரோடு. சரக்கு பாக்க." மீட்டர் எண்கள் இரண்டையும் சொன்னார். பிறகு ஓட்டியவர் என்ற இடத்தில் தன் பெயரைச் சொன்னார்.

பேனாவை மூடினேன். "நாளைக்கு எழுதுறேன்" என்றேன்.  வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் இருவரும் தனித்தனி இருக்கையில் உட்கார்ந்தோம்.

சண்டை வீட்டில்தான் நடந்தது.

"அண்ணாச்சி பாத்துக்கிறேன்னாரு. ஸ்டேஷன்லயே ஜாமீன். வக்கீல் கீறாரு. லைசென்ஸக் கொஞ்ச நாளு வாங்கி வச்சிக்குவாங்க, அவ்ளோதான்."

"அந்த ஆளுக்குக் கால் உடைஞ்சிருக்கு நைனா. நிக்காம போயிருக்காங்க. இது லைசென்ஸே போற கேஸு. உனக்கு வயசு அம்பத்து மூணு. லைசென்ஸ் இல்லன்னா நீ என்ன பண்ணுவ?"

"மொத வாட்டி மூணு மாசத்துல குடுத்துட்டாங்களே."

"மொத வாட்டியா?"

நைனா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பதில் அம்மாவிடமிருந்து வந்தது.

"நீ ஆறாவது சேர்ந்த வருசம். அண்ணாச்சி தானே ஓட்டிகினு போயி ஒரு சைக்கிள்காரன இட்ச்சிட்டாரு. இவுரு போயி நான்தான் ஓட்னேன்னு நின்னாரு. அப்ப அவுரு உன் ஸ்கூலுக்கு ஒரு லெட்டர் குடுத்தாரு."

"அந்த ஸ்கூல்ல பரீட்சை வச்சாங்க. நான் ஃபர்ஸ்ட் வந்தேன்."

"ஆமா. பரீட்ச எழுதின அத்தினி பேருகிட்டயும் அப்டித்தான் சொன்னாங்க."

அந்தப் பள்ளியில் இடம் கிடைப்பது எவ்வளவு கஷ்டம், நான் எப்படிப் பரீட்சை எழுதி உள்ளே போனேன் என்பதைக் கல்லூரி நேர்காணலில் சொல்லியிருக்கிறேன். வேலை நேர்காணலில் அண்ணாச்சியிடமே சொல்லியிருக்கிறேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

ஆறாம் வகுப்பின் முதல் மூன்று மாதம் நைனா தினமும் என் கையைப் பிடித்துப் பள்ளிவரை நடத்திக் கூட்டிப் போனார். மாட வீதியைச் சுற்றிக்கொண்டு போவோம். மற்ற பிள்ளைகளின் அப்பாக்களுக்கு வேலை இருக்கும்போது என் அப்பா மட்டும் கூடவே வருகிறார் என்று எனக்குப் பெருமை. லீவு என்று சொன்னார்கள். நானும் நம்பினேன்.

அன்று நான் சாப்பிடவில்லை. அம்மா தட்டை மூடிவைத்துவிட்டு, "லெட்டரு உள்ள வுட்டுச்சு. அப்புறம் இத்தினி வருசம் பாஸு பண்ணது லெட்டரா?" என்றாள். ஆறுதலாகச் சொன்னாளா, சாப்பிட வைப்பதற்காகச் சொன்னாளா தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை டிரிப் ஷீட் நோட்டை எடுத்துக்கொண்டு அண்ணாச்சி அறைக்குப் போனேன். உள்ளே தம்பியும் நின்றுகொண்டிருந்தார். நைனா கதவோரம்.

"எழுதிட்டியாம்மா?" என்றார் அண்ணாச்சி.

"இல்ல அண்ணாச்சி. எழுதினா மாட்டிக்குவோம்."

"யாரு கேக்கப்போறா? நம்ம நோட்டு, நம்ம டிரைவரு."

என் போனை அவர் முன்னால் வைத்தேன். "ஞாயித்துக்கிழமை ஒன்பது இருபத்து நாலுக்கு எங்கப்பா மயிலாப்பூர் ரேஷன் கடையில விரல் வச்சிருக்கார். இந்தாங்க மெசேஜ். அதே நேரத்துல அவரே ஈரோடு பக்கத்துல இடிச்சாருன்னு எப்படி எழுதுறது?"

அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு செய்தியை முழுதாகப் படித்தார். பாமாயில்வரை படித்தார்.

"இத அழிச்சிர முடியாதா?"

"என் போன்ல அழிக்கலாம். சர்க்கார்கிட்ட இருக்குமே."

"வேற யாரும் விரல் வச்சாங்கன்னு சொன்னா?"

"வேற யாரு வெரலும் அது எடுக்காது அண்ணாச்சி," என்றார் நைனா கதவோரத்திலிருந்து. "என்னிதே ஏழாவது வாட்டிதான் எடுத்துச்சு." அந்த மிஷினைப் பற்றி அவர் பெருமையாகப் பேசி அன்றுதான் கேட்டேன்.

கோப்பிலிருந்து இரண்டாவது பிரதியை எடுத்து வைத்தேன். "இன்னொண்ணும் இருக்கு. ஓட்டியவர்னு போட்டு சின்ன முதலாளியே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கார். இது அவங்க குழுவுல எல்லார்கிட்டயும் இருக்கு."

தம்பி கூரையைப் பார்த்தார். அண்ணாச்சி தாளை வாங்கிப் படித்தார். அவர் எந்தக் கணக்கையும் விரலை ஒவ்வொரு வரியாக நகர்த்தித்தான் படிப்பார்.

"இந்த வேகமெல்லாம் யாரு போட்டது?"

"நான்தான் அண்ணாச்சி."

"சரியா இருக்கா?"

"ரெண்டு தடவை பார்த்தேன்."

விரல் கீழே இறங்கி ஒரு வரியில் நின்றது. "எல்லா எடத்துலயும் நூத்தி இருவதுக்கு மேல போயிருக்கான். இங்க மட்டும் என்ன அறுவத்தி ஏழு?"

"அங்கதான் அண்ணாச்சி அந்த ஆள். இடிச்சதுக்கு அப்புறம் இருபது நிமிஷம் எங்கயோ நின்னிருக்காங்க."

அவர் மகன் பக்கம் திரும்பினார். "நின்னியால? அப்பம் அந்த ஆளத் தூக்கிவிட்டியா? எங்கிட்ட, குறுக்க வந்தான், லேசா உரசிச்சு, எந்திரிச்சுப் போயிட்டான்னு சொன்ன."

தம்பி கதவுப் பக்கம் பார்த்தார்.

"இருவது நிமிசம் என்னல பண்ணின?"

"கொஞ்சம் தள்ளி நிறுத்தி... முன் கண்ணாடியக் கழுவினேன்பா. முட்டைல ஒண்ணுமே தெரியல."

"எதுல கழுவின?"

"பாட்டில்ல இருந்த தண்ணில."

"எந்தப் பாட்டில்?"

"கடல் தண்ணி."

நைனாதான் முதலில் புரிந்துகொண்டார். "அப்ப அங்க போயி இன்னா தண்ணி ஊத்துனீங்க தம்பி?"

"கடைல வாங்கின தண்ணி."

யாரும் சிரிக்கவில்லை. அண்ணாச்சி தாளை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். மனிதனைப் பார்க்க நிற்காமல் வண்டியைப் பார்க்க நின்றிருக்கிறான் என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. அந்த வரியிலேயே இருந்தது. டிரிப் ஷீட் நோட்டைத் திறந்து மகன் முன்னால் தள்ளினார். "எழுது" என்றார். இத்தனை வருடத்தில் ஓட்டியவர் என்ற கட்டத்தில் அந்தக் குடும்பத்துக் கையெழுத்து விழுந்தது அன்றுதான். கையெழுத்து நன்றாகவே இருந்தது, பெரிய பள்ளியில் படித்தவர்.

நான் வெளியே வரும்போது அண்ணாச்சி, "படிச்ச பிள்ளைய வேலைக்கு வச்சா இப்படித்தான்" என்றார். நைனா, "நீங்க லெட்டர் குடுத்துப் படிச்ச புள்ளதான் அண்ணாச்சி" என்றார். அவர் குத்திக்காட்டவில்லை, நன்றியாகத்தான் சொன்னார். 

புதன்கிழமை விடிந்ததும் அண்ணாச்சியும் தம்பியும் அந்தக் காவல் நிலையத்துக்குக் கிளம்பினார்கள், உடைந்த கண்ணாடியோடு அதே வண்டியில். வக்கீல் அங்கே வந்துவிடுவார். ஓட்டிப் போனது நைனா. எனக்கு இது பிடிக்கவில்லை. ஸ்டேஷன் வாசலில் வக்கீல் ஒரு பேச்சுப் பேசினால், தம்பி அழுதால், அண்ணாச்சி மனது மாறினால், டிரைவர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறார். நைனா இல்லை என்று சொல்லிப் பழகாதவர். ரேஷன் செய்தியையும் தம்பி கையெழுத்துப் போட்ட தாளையும் பிரதி எடுத்து நாலாக மடித்து அவர் சட்டைப் பையில் லைசென்ஸுக்குப் பின்னால் வைத்தேன்.

"இத எப்ப காட்டணும்?"

"உன் பேர யாராவது எழுத ஆரம்பிச்சா."

"எழுதறது என் பேருன்னு எனக்கு எப்டிம்மா தெரியும்?"

"கூட்டிப் படி நைனா. உன் பேரு அஞ்செழுத்துதான்."

பரனூர் 6.40. விக்கிரவாண்டி 8.07. மேட்டுப்பட்டி, வைகுந்தம். நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். எல்லாம் எழுபத்திரண்டு, எழுபத்து மூன்று. விஜயமங்கலம் வரவில்லை. வரக்கூடாது, ஸ்டேஷன் அதற்கு முன்னாலேயே இருக்கிறது. பன்னிரண்டு மணிக்கு நைனாவுக்குப் போன் போட்டேன், அணைத்து வைத்திருந்தார். இரண்டு மணிக்கும் அப்படியே. அண்ணாச்சிக்குப் போன் போட்டு எங்கப்பா பெயரை எழுதிவிட்டீர்களா என்று கேட்க முடியாது. மூன்று மணிக்கு ஒரு புதுப் புடவைக் கட்டைத் தவறான பிரிவுக்கு அனுப்பினேன். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அதுதான் என் முதல் தவறு.

4.50க்கு வைகுந்தம் வந்தது. வண்டி திரும்புகிறது. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று டோல்கேட் சொல்லாது. நைனாவை அங்கேயே உட்கார வைத்துவிட்டு வக்கீலின் ஆளோ, தம்பியோ ஓட்டிக்கொண்டு வரலாம். மறுபடி போன் போட்டேன். இந்த முறை மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை.

அடுத்த செய்திக்காக ஆபீஸ் போனை மேசை மேல் நிமிர்த்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மாதிரி இருபத்து மூன்று நிமிடத்தில், 5.13க்கு வந்திருந்தால் ஓட்டுகிறவர் தம்பி. வரவில்லை. 5.20, 5.25. கீழே பாண்டி பஜார் பக்கம் விளக்குகள் போட ஆரம்பித்தார்கள். 5.30க்கு மேட்டுப்பட்டி வந்தது.

நாற்பத்தெட்டு கிலோமீட்டர், நாற்பது நிமிடம். எழுபத்திரண்டு.

நைனாதான் ஓட்டுகிறார். அதனால்தான் போனை எடுக்கவில்லை. நோட்டில் அந்த வரியை எழுதி, வேகத்தையும் எழுதி, கையெழுத்துக்கு இடம் விட்டேன்.